குல்மார்க் போகிறவர்கள் முந்தின இரவு வானத்தைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைப் பயணங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஸ்ரீநகரில் துலிப் தோட்டம் பார்த்த மறுநாளே குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாடிவிட்டு வரலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. கூடப் போட்டிருந்த படமோ, மரக்கிளைகள் பனி சுமந்து வளைந்து நிற்கிற நடுக்குளிர்காலப் படம். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் குல்மார்க்கில் சறுக்க முடியும், அதில் பிழை ஒன்றும் இல்லை. எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு, முந்தின இரவு வானம் எப்படி இருந்திருந்தால் முடியும் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் குறை. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு டிக்கெட் போடுகிற குடும்பங்கள் உண்டு என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் உயரம். குல்மார்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் ஏறக்குறைய 3,080 மீட்டரில் உள்ள கொங்டூரிக்கும், இரண்டாம் கட்டம் அப்பர்வத் மலையில் 3,950 மீட்டர் அளவுக்கும் ஏற்றிவிடுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. புல்வெளியில் மதியம் 10 டிகிரி இருந்தால் உச்சி நிலையத்தில் 2 டிகிரிதான். அதனால் ஏப்ரலில் ஒரே மலையில் மூன்று பருவம் இருக்கும்: கீழே சேறும் பழுப்புப் புல்லும், நடுவில் கால் புதைகிற ஈரப்பனி, மேலே இன்னும் உருப்படியான பனி. சிக்கல் என்னவென்றால், முதன்முறை பழகுகிறவர்களுக்கு ஏற்ற தட்டையான சரிவுகள் எல்லாம் கீழே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. முதலில் கரைவதும் அவைதான். கடைசிவரை பனி தங்குகிற அப்பர்வத் சரிவுகளோ நன்றாகப் பழகியவர்களுக்கு மட்டுமே உரியவை. பிள்ளைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுக்க நினைக்கும் பெற்றோர் ஏப்ரல் விடுமுறைக்குக் காத்திராமல் பிப்ரவரியிலோ மார்ச் முதல் வாரத்திலோ போவதே நல்லது. உத்தரகண்டின் ஔலி இன்னும் தாழ்வானது. அங்கே மார்ச்சிலேயே பருவம் ஏறக்குறைய முடிந்துவிடும்.

இனி இரவு வானம். வசந்தகாலப் பனியின் குணம் பகல் வெயிலைவிட இரவுக் குளிரால்தான் தீர்மானமாகிறது. ஊட்டி தலைகுந்தாவில் உறைபனி படிவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். டிசம்பர், ஜனவரியில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் இரவுகளில்தான் புல்மேல் வெள்ளை படியும். மேகம் மூடிய இரவில் படியாது. நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிக் குளிர்கிறது, மேகம் இருந்தால் அது போர்வை போல் வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பனிப்பரப்பிலும் இதேதான் நடக்கிறது. தெளிந்த இரவில், காற்றின் வெப்பம் பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தால்கூட, பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகமூட்டமான இரவில் காற்று பூஜ்யத்துக்கு அருகில் இருந்தாலும் சரியாக உறையாது. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே அளவு வெப்பத்தால் ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கிவிடலாம். பகலில் பனிக்குள் இறங்கிய நீர் மறுபடி உறைய, இவ்வளவு வெப்பத்தையும் இரவுக்குள் வெளியே தள்ளியாக வேண்டும். மேகம் வழிமறித்தால் அது நடக்காது. ஆகவே தங்கும் அறையை விட்டு இரவு பத்து மணிக்கு ஒருமுறை, விடிகாலை ஐந்து மணிக்கு ஒருமுறை வெளியே வந்து நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்ப்பது கைபேசியில் வெப்பநிலை பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

இப்படிப் பல நாள் உருகி, உறைந்து, மறுபடி உருகும்போது பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகின்றன. இதைத்தான் கார்ன் ஸ்னோ என்கிறார்கள். பெயரில் சோளம் இருந்தாலும் கையில் அள்ளிப் பார்த்தால் ஊறிய ஜவ்வரிசி போலத்தான் இருக்கும். விடியற்காலையில் இந்த மணிகள் சிமெண்ட் தரை போல இறுகிக் கிடக்கும். வெயில் ஏறி, மேலே ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகும்போது, அடியில் கெட்டித் தளமும் மேலே உருளும் மணிகளுமாக, சறுக்குப்பலகை வழுக்கிக்கொண்டு போகும். சறுக்குகிறவர்கள் வசந்தத்தைக் கொண்டாடுவது இந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்காகத்தான். வெயில் இன்னும் ஏறினால் மணிகளுக்கு இடையிலான பிணைப்பு கரைந்து, பனி கூழாகிவிடும். சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கையுறையோடு ஒரு பிடி அள்ளுங்கள். கல் உப்பு போல உதிர்ந்தால் நேரம் சரி. பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது என்றால் அந்தச் சரிவை விட்டு இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கைத்தடியால் குத்தியும் பார்க்கலாம். பத்து சென்டிமீட்டருக்கு மேல் கெட்டியாக இருந்தால் இரவு நன்றாக உறைந்திருக்கிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஓடு மட்டும் இருந்து, தடி பொத்தென்று உள்ளே இறங்கினால், ஆளின் எடைக்கு அந்த ஓடு உடையும். பலகை உள்ளே சிக்கி உடம்பு மட்டும் திரும்பும். முழங்கால் தசைநார் இப்படியும் கிழியும்.

கடிகாரத்துக்கு வருகிறேன். ஸ்ரீநகர் வட்டாரத்தில் மார்ச் கடைசியில் சூரியன் சுமார் ஆறரை மணிக்கு உதிக்கிறது. உச்சிவெயில் பன்னிரண்டரையைத் தாண்டித்தான். சென்னையைவிட இருபது நிமிடத்துக்கு மேல் தாமதம். கோண்டோலா ஏறும் அப்பர்வத் முகம் பெரும்பாலும் கிழக்கையும் வடகிழக்கையும் பார்த்தது. கிழக்கு நோக்கிய சரிவில் முதல் கதிரே நேராக விழுவதால், ஏப்ரலில் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் அது இளகத் தொடங்கிவிடும். தெற்கு நோக்கியது அதன்பின், மேற்கு நோக்கியது மதியத்தில். வடக்கு நோக்கிய நிழல் பள்ளங்கள் நாள் முழுக்கக் கெட்டியாகவோ, பழைய உலர்பனியோடோகூட இருக்கலாம். சறுக்கத் தெரிந்தவர்கள் சூரியனைப் பின்தொடர்ந்து கிழக்கில் தொடங்கி, தெற்கு வழியாக மேற்குக்கு நகர்வார்கள். குல்மார்க்கில் அதற்கு வழி குறைவு, ஏனென்றால் கோண்டோலா ஒரு முகத்தில்தான் இருக்கிறது.

இங்கேதான் கோண்டோலா நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கோண்டோலா காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் நகரத் தொடங்கி, இரண்டாம் கட்டம் அதற்கும் பின்னால் திறப்பது நடுக்குளிர்காலத்துக்குச் சரி. மார்ச் இருபதுக்குப் பிறகு அது நல்ல பனியை வீணாக்குகிற ஏற்பாடு. முதல் பெட்டி உச்சி சேர்வதற்குள் கிழக்குச் சரிவின் பொன்னான நேரம் பாதி போய்விடுகிறது. அதோடு சுற்றுலாக் கூட்டமும் சறுக்குகிறவர்களும் ஒரே வரிசையில் நின்று, பனி கூழாகிற நேரத்தில்தான் எல்லாரும் மேலே போய்ச் சேர்கிறார்கள். ஆல்ப்ஸ் மலை ஊர்கள் பலவற்றில் வசந்தத்தில் காலையில் முன்கூட்டியே திறந்து, பிற்பகலில் முன்கூட்டியே மூடுகிறார்கள். ஏழு, ஏழரைக்குத் திறந்து இரண்டு மணியோடு சறுக்குகிறவர்களுக்கு நிறுத்தினால், பாதுகாப்பும் கூடும், பருவமும் இரண்டு வாரம் நீளும் என்பது என் உறுதியான கருத்து.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். குல்மார்க் வட்டாரத்தில் 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் பனிச்சரிவில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் இறந்தார்கள். இரண்டும் குளிர்காலத்தில் நடந்தவை. வசந்தத்தில் ஆபத்து குறைந்துவிடுவதில்லை, அதன் வகை மாறுகிறது. உருகிய நீர் அடுக்குகளின் ஊடே இறங்கி, ஏதாவது ஒரு கெட்டி அடுக்கின்மேல் தேங்கி, மேலே இருப்பதை வழுக்கவிடுகிறது. முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி சாய்வு உள்ள சரிவுகளே இதற்குப் பேர்போனவை. ஈரப் பனிச்சரிவு மெதுவாக வருவது போலத் தோன்றும், ஆனால் அதன் கனம் பயங்கரமானது. நின்றதும் கான்கிரீட் போல இறுகிவிடும். அறிகுறிகள் கண்ணுக்குத் தெரியும்: பாறைக்கு அடியிலிருந்தும் மரத்தடியிலிருந்தும் பனி உருண்டைகள் தானாகக் கிளம்பி, சக்கரம் போலச் சுருண்டுகொண்டு இறங்கும். பலகையைக் கழற்றி நின்றால் பூட் கணுக்காலுக்கு மேல் புதையும். சரிவின் குறுக்கே வாய் பிளந்தது போல வெடிப்பு தெரியும். அந்த வெடிப்புக்குக் கீழே நின்று படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. முழுப் பனித்தொகுதியும் தரையோடு வழுக்கக்கூடும் என்பதன் அடையாளம் அது. எத்தனை மணிக்கு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மோசமான மூன்று நிலைமைகளை நினைவில் வைத்தால் போதும். இரண்டு மூன்று இரவு தொடர்ந்து மேகம் மூடி, பனி உறையாமல் இருப்பது ஒன்று. பனிமேல் மழை பெய்வது இரண்டு. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் மேற்கத்திய இடையூறு என்ற குளிர்கால வானிலை அமைப்பு வந்து முப்பது சென்டிமீட்டர் புதுப்பனி கொட்டிவிட்டு, மறுநாளே பளீரென்று வெயில் அடிப்பது மூன்று. மூன்றாவதுதான் ஏமாற்றும், ஏனென்றால் அன்றுதான் மலை மிக அழகாக இருக்கும், எல்லாருக்கும் மேலே போக ஆசை வரும். பழைய உறைந்த ஓட்டின்மேல் ஒட்டாமல் கிடக்கும் அந்தப் புதுப்பனி, மார்ச் வெயில் பட்ட சில மணி நேரத்திலேயே இளகி இறங்கும். பாதுகாப்பு ரோந்துக் குழு சோதித்துத் திறந்துவிடுவது கோண்டோலாவை ஒட்டிய கிண்ணம் போன்ற சரிவை மட்டுமே. எல்லைக் கயிற்றுக்கு அப்பால் இருப்பது காவல் இல்லாத மலை. அங்கே போகிறவர்களிடம் புதைந்தவரின் இடத்தைக் காட்டும் 457 கிலோஹெர்ட்ஸ் ட்ரான்ஸீவர், துழாவுகோல், மண்வாரி மூன்றும் ஆளுக்கொன்று இருக்க வேண்டும். புதைந்தவர் உயிரோடு மீள்வது முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் உடனிருப்பவர் தோண்டி எடுப்பதைப் பொறுத்தது. கீழிருந்து உதவி வர அந்த நேரம் போதாது. டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு அமைப்பு பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது, மாவட்ட நிர்வாகம் அதை அறிவிக்கிறது. ஆனால் சுவிட்சர்லாந்தில் ஈரப்பனிக்கும் உலர்பனிக்கும் தனித்தனியே ஆபத்து அளவு சொல்கிறார்கள். காலையில் குறைவு, பிற்பகலில் கூடும் என்று பிரித்துச் சொல்லும் அந்த முறை நமக்கும் வர வேண்டும்.

கருவிகளில் என்ன தவறு நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குல்மார்க்குக்கு 13 கிலோமீட்டர் முன்னால் தங்மார்க்கில் வாடகைக்குத் தரும் நீள ரோமக் கோட்டும் ரப்பர் பூட்டும் பனியில் நடந்து படம் எடுக்க மட்டுமே சரி. ஏப்ரல் ஈரத்தில் அந்தக் கோட்டு தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். தண்ணீர் புகாத மெல்லிய மேல்சட்டையும் கால்சட்டையும், உள்ளே கழற்றி மாட்ட வசதியாக இரண்டு அடுக்குத் துணியும் போதும். பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் நிழலில் நடுக்கும். சறுக்கு பூட்டுக்குள் ஒரே ஒரு ஜோடி மெல்லிய கம்பளி உறை. குளிருமே என்று இரண்டு ஜோடி போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் இன்னும் விறைக்கும்.

பூட்டைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் பொருத்தும்போது எடை, உயரம், வயது, பூட் அடிப்பாகத்தின் நீளம், உங்கள் தேர்ச்சி ஐந்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். கூச்சப்பட்டுத் தேர்ச்சியைக் கூட்டிச் சொன்னால் விடுவிப்பு அளவு ஏற்றி வைக்கப்படும். விழும்போது பலகை கழலாமல் காலை முறுக்கும். வசந்தத்தில் இதைவிட அதிகமாக நடப்பது இன்னொன்று. ஈரப்பனி பூட்டின் அடியில் கட்டியாக ஒட்டி, பைண்டிங்குக்குள் பூட் சரியாக உட்காராது. கிளிக் சத்தம் கேட்கும், ஆனால் பிடிப்பு தவறாக இருக்கும். ஒவ்வொரு முறையும் கைத்தடி முனையால் அடிப்பாகத்தை, குறிப்பாக மூக்கும் குதியும் பைண்டிங்கில் பதிகிற இடத்தை, சுரண்டிவிட்டு மாட்ட வேண்டும்.

அடுத்தது பலகையின் அடியில் தடவும் மெழுகு. பலகை திடீரென்று யாரோ பின்னால் பிடித்து இழுத்தது போல நிற்கிறதே என்று பலரும் திகைப்பார்கள். பனியில் நீர் அதிகமாகும்போது பலகைக்கும் பனிக்கும் இடையே நீர்ப்படலம் உருவாகி, ஈரக் கண்ணாடிகள் இரண்டு ஒட்டிக்கொள்வது போல உறிஞ்சிப் பிடிக்கிறது. நிழலிலிருந்து வெயிலுக்கு வரும் எல்லையில் இது சட்டென்று நடப்பதால் ஆள் முன்னோக்கி விழுவார். பூஜ்யத்துக்கு மேற்பட்ட வெப்பநிலைக்கான மென்மையான மெழுகு, பெரும்பாலான நிறுவனங்களில் மஞ்சள் நிறக் கட்டி, தேவை. சுமார் 120 டிகிரிச் சூட்டில் இஸ்திரியால் உருக்கித் தடவி, ஆறவிட்டுச் சுரண்டி, பித்தளைத் தூரிகையால் நீளவாக்கில் தேய்த்துவிட வேண்டும். இஸ்திரி புகைந்தால் சூடு அதிகம். கடைசித் தேய்ப்பு முக்கியம். அதனால் மெழுகு நீங்கி வெளிப்படும் நுண்ணிய கோடுகள்தான் நீரை வழியவிட்டு அந்த உறிஞ்சலை உடைக்கின்றன. வாடகைக் கடையில் இது கிடைக்காவிட்டால் கட்டி மெழுகைக் குளிர்ந்தபடியே அடியில் தேய்த்துத் தக்கையால் பரப்பலாம், சில இறக்கங்களுக்குத் தாங்கும். வசந்தப் பனியில் தூசியும் மரப்பிசினும் ஊசியிலைத் துணுக்குகளும் நிறைந்திருப்பதால் மாலையில் அடிப்பாகத்தைத் துடைக்க வேண்டும். பலகை ஓரத்து உலோக விளிம்பான எட்ஜையும் உலரத் துடையுங்கள், ஒரே இரவில் துருப்பிடிக்கும். விடியற்காலைக் கெட்டிப் பனியில் கூர்மை இல்லாத எட்ஜ் பிடிக்கவே பிடிக்காது. பூட்டின் உட்பையை உருவிக் காயவையுங்கள், ஆனால் அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்புக்கு மிக அருகில் வைத்தால் உருகி வடிவம் கெட்டுவிடும்.

சறுக்கும் முறையில், இளகிய பனியில் இரு கால்களிலும் ஏறக்குறையச் சம எடை வைத்து, அகலமான வளைவுகளாக இறங்க வேண்டும். வெளிக்காலை மட்டும் அழுத்தினால் அது புதைந்து மற்றொன்று ஓடிவிடும். களைத்த தொடையோடு மதியம் இரண்டு மணிக்கு எடுக்கும் அந்தக் கடைசி ஓர் இறக்கத்தை விட்டுவிட்டு கோண்டோலாவில் இறங்கலாம்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் மீட்டருக்குப் புற ஊதாக்கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. புதுப்பனி அதில் எண்பது சதவீதம்வரை திருப்பி அடிக்கிறது. நம் தோல் வெயிலுக்குப் பழகியது என்ற நம்பிக்கை அங்கே செல்லாது. கண்ணாடியின்றி அரை நாள் நின்றால், அன்றிரவு கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல எரிச்சலும் நீர்வடிதலும் வரும். ஓரங்களை மூடிய, மூன்றாம் வகைக் கருமை கொண்ட கண்ணாடி பிள்ளைகளுக்கும் வேண்டும். சன்ஸ்கிரீனை மூக்கின் அடியிலும் தாடைக்குக் கீழேயும் தடவுங்கள், வெளிச்சம் கீழிருந்தும் வருகிறது.

இயற்கை முன்போல் தேதி காப்பாற்றுவதில்லை என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். 2024 ஜனவரித் தொடக்கத்தில் குல்மார்க் பனியில்லாமல் காய்ந்து கிடந்தது. 2025-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் பகுதி, பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9 முதல் 12 வரை நடந்தது. பருவம் இப்படிப் பின்னுக்கு நகரும்போது, வசந்தப் பனியைப் பராமரிக்கும் வித்தை நிர்வாகத்துக்குக் கட்டாயம் தேவை. தடத்தை இயந்திரத்தால் சமன்செய்வதை மாலையில், வெயில் போய்ப் பனி இறுகத் தொடங்குமுன் முடிக்க வேண்டும். உறைந்தபிறகு உழுதால் கல்லுக்கட்டிகளாகத்தான் உடையும், காலையில் அதன்மேல் யாரும் சறுக்க முடியாது. போட்டித் தடங்களில் ஈரப்பனிமேல் உப்புத் தூவி இறுக்கும் வழக்கமும் உலகெங்கும் உண்டு. அது பனியில் நீர் இருந்தால்தான் வேலை செய்யும், கீழே மேய்ச்சல் நிலமும் ஓடையும் இருப்பதால் போட்டி நாளைத் தவிர வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது.

அடுத்தமுறை இதுபோன்ற கட்டுரை வெளியிடும்போது இடத்தின் உயரம், சரிவு எந்தத் திசை பார்த்தது, மாதவாரியாக எந்த மட்டம்வரை பனி இருக்கும், காலை எத்தனை மணிக்குள் சறுக்கி முடிக்க வேண்டும் என்ற நான்கு தகவலையும் ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். படத்தின் கீழே, அது எந்த மாதம் எடுத்தது என்பதையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பனிச்சறுக்கில் ஈடுபாடுள்ள வாசகர்,
கோயம்புத்தூர்.